டீ நேரத்துக்குள் ஒரு மைக்ரான்

அருள்புரத்தில் கரண்ட் போனால் ஊரே மின்வாரியத்தைத் திட்டும். அஜீஸுன்னிசா மட்டும் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இயற்பியல் ஆய்வகத்தின் கடைசி அறையை நோக்கி ஓடுவார். வராந்தாவில் நிற்கும் மாணவிகள் சுவரோரம் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

எங்கள் கல்லூரியின் பின்சுவரை ஒட்டி, பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் ஷெட் இருந்தது. கல்லூரி கட்டிய நாளில் அந்தப் பக்கம் சோளக்காடாம். எண்பதுகளில் பனியன் ஏற்றுமதி ஏற ஏற, காடுகள் ஷெட்டுகளாயின. நான் வேதியியல் டியூட்டராகச் சேர்ந்தபோது, சுவருக்கு அந்தப்புறம் வட்ட வட்டமான மெஷின்கள் பகலெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த அதிர்வு தரை வழியாக வந்து, நாற்காலிக் காலில் ஏறி, முதுகைத் தொடும். ஒரு வாரத்தில் பழகிவிடும். பிறகு உடம்புக்கே தெரியாது. அஜீஸுன்னிசாவின் கருவிக்கு மட்டும் அது பழகவே இல்லை. கரண்ட் போனால் மெஷின்கள் நிற்கும். மெஷின்கள் நின்றால்தான் அவரால் அணுவைப் பார்க்க முடியும்.

அணுவைப் பார்ப்பது என்று நான் எழுதுவது உவமை இல்லை. நானும் பார்த்திருக்கிறேன்.

அவர் எங்கள் கல்லூரியின் இயற்பியல் விரிவுரையாளர். திருப்பூரில் பிறந்தவர். அவர் அத்தா என்று அழைக்கும் தந்தை காஜா மொய்தீனுக்குச் சொந்தமாக இரண்டு வட்ட மெஷின்களும், காலர் பின்னும் தட்டை மெஷின் ஒன்றும் இருந்தன. முன்பக்கம் ஷெட், பின்பக்கம் வீடு. பள்ளிப்படிப்பு தமிழில், மேல்படிப்பு கோயமுத்தூரில், ஆங்கிலத்தில். 1986இல், ஊசியால் பார்க்கும் ஒரு மைக்ராஸ்கோப்புக்கு நோபல் பரிசு கொடுத்திருக்கிறார்கள் என்று பத்திரிகையில் சின்னதாக ஒரு செய்தி வந்தது. அவர் அதைக் கத்தரித்துக்கொண்டு போய் அத்தாவிடம் காட்டினார்.

"ஊசியால பாக்கறாங்களாம் அத்தா."

காஜா மொய்தீன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னார்: "நம்ம ஊட்லயும் ஆயிரத்துச் சொச்சம் ஊசி இருக்குது கண்ணு. ஒண்ணாவது எதையாவது பாத்த மாதிரி தெரியலையே."

அந்தக் கருவியில் கண்ணாடி வில்லை கிடையாது. வெளிச்சமும் வேண்டாம். ஒரு ஊசி மட்டும் போதும். மெல்லிய உலோகக் கம்பியைப் பிடித்து இழுத்தபடியே கத்தரியால் சாய்வாக வெட்டுவார்கள். வெட்டுப்பட்ட முனையில் ஏதோ ஓர் அணு மற்றவற்றைவிட ஒரு தலை முன்னே நிற்கும். அதுதான் ஊசிமுனை. அது பார்க்கவேண்டிய பரப்பைத் தொடாது. சில அணுக்கள் அடுக்கும் அளவு இடைவெளிவிட்டு நிற்கும். அந்த வெற்று இடத்தை மின்சாரம் தாண்டிவிடும். இடைவெளி அரை அணு உயரம் குறைந்தால் மின்சாரம் ஏறக்குறையப் பத்து மடங்காகும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தொடர்ந்தபடி ஊசி வரிவரியாகப் பரப்பின் மேல் போய்வந்தால், மேடு பள்ளமெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் படமாக எழும். இருட்டில் ஒருவர் முகத்தை விரலால் வருடி அடையாளம் காண்பது போலத்தான். ஆனால் இந்த விரல் முகத்தைத் தொடுவதே இல்லை.

தொண்ணூற்றிரண்டில் வெளியிலிருந்து ஒரு சிறு உதவித்தொகை கிடைத்ததும் அவர் அந்தக் கருவியைத் தானே கட்ட ஆரம்பித்தார். ஊசியை நகர்த்தக் கடிகார அலாரத்துக்குள் இருக்கும், மின்சாரம் கொடுத்தால் மயிரிழை நெளியும் சத்தத் தகடுகள். பறக்கும் பஞ்சு விழாமல் மூடுவதற்கு ஒரு பிஸ்கட் டின். கரண்ட் போனாலும் ஓட லாரி பேட்டரிகள். தரை அதிர்வு ஏறாமலிருக்க, மொத்தத்தையும் கூரைக் கம்பியிலிருந்து எலாஸ்டிக் பட்டைகளில் தொங்கவிட்டார்.

ஆய்வக உதவியாளர் சீனியம்மாள் ராமநாதபுரத்துப் பக்கத்துக்காரர். கணவர் சோணைமுத்துவோடு பிழைக்க வந்தவர்; சோணைமுத்து அந்தப் பின்சுவர் ஷெட்டிலேயே மெஷின் ஓட்டினார். சீனியம்மாள் எலாஸ்டிக்கை இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏ ஆத்தீ! இது ஜட்டிக்குப் போடுற பட்டையில்ல டீச்சரம்மா? ஊரு மானத்தையெல்லாம் தாங்குது, இதையும் தாங்கும், விடுங்க."

தாங்கியது. கிராபைட் துண்டின் மேல் செல்லோடேப்பை ஒட்டி உரித்தால் புதிதாக ஒரு பரப்பு பிறக்கும்; உலகம் தோன்றியதிலிருந்து எவரும் காணாத பரப்பு. தொண்ணூற்று மூன்றில் ஒரு மின்வெட்டின்போது அதில் முதன்முதலாக அணுக்கள் தெரிந்தன. மங்கலான மணிகள், ஒரே ஒழுங்கில், வரிசை வரிசையாக. நான் கதவருகில் நின்றிருந்தேன். அஜீஸுன்னிசா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சீனியம்மாள்தான், "இம்புட்டு ஒழுங்கா யாரு அடுக்கி வச்சா?" என்று கேட்டார்.

ஆனால் அன்று பார்த்தது மிகச் சின்ன இடம். ஒரு சுருள் துணியில் நாலைந்து கண்ணிகளை மட்டும் பார்த்த மாதிரி. உதவித்தொகைக்கு அவர் ஒப்புக்கொண்ட வேலை வேறு: ஒரு மைக்ரான் அகலமுள்ள இடம் முழுவதையும் ஒரே மூச்சில், கலையாத ஒரே படமாக எடுத்துக் காட்டவேண்டும். ஒரு மைக்ரான் என்றால் தலைமுடியின் தடிமனில் எழுபதில் ஒரு பங்கு இருக்கலாம். நமக்கு அது ஒன்றுமில்லை. அந்த ஊசிக்கு அது ஒரு தாலுகா.

அவ்வளவு இடத்தையும் வரிவரியாகப் போய்வந்து முடிக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. அதற்குள் அறையில் ஏறும் வெயில் சூட்டில் கருவியின் உலோகம் ஒரு நூலிழைத் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீளும். அந்த நீட்சியே போதும். ஒருவரை உட்காரவைத்து ஓவியம் வரைகிறோம். நெற்றி முடிந்து மோவாய்க்கு வருவதற்குள் அவர் எழுந்து அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டால் எப்படியிருக்கும்? அப்படித்தான் அவருடைய படங்கள் எல்லாம் கோணிப்போயிருந்தன.

தொண்ணூற்றைந்து பிப்ரவரியில் கல்லூரிச் செயலாளர் திருமூர்த்தி அவரைக் கூப்பிட்டுவிட்டார். தன்மையான மனிதர். சேவூரில் தோட்டம் உண்டு. பேசும்போது கையைக் கட்டிக்கொள்வார்.

"ஏனுங்க மிஸ், நானு சயின்ஸ் படிக்காதவனுங்க. ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இத்தனை வருசமா அந்த ரூமுக்குள்ள என்ன தெரியுதுங்க?"

"அணு தெரியுதுங்க சார்."

"எத்தனைங்க?"

"நல்லாத் தெரிஞ்சா... ஒரு நூறு, இருநூறு."

"நம்ம புள்ளைங்க கம்ப்யூட்டர் படிக்கறக்குப் பல்லடம் போறாங்க, பஸ்ஸுல தொங்கிட்டு. அவங்க முந்நூறு பேருங்க. நான் யாருக்கு ரூம் குடுக்கட்டும், நீங்களே சொல்லுங்க."

நியாயம் அவர் பக்கமும் இருந்தது.

"ஏப்ரல்ல உங்களுக்குப் பணம் குடுத்த கமிட்டி வருதில்லீங்க? அவங்க பாத்துட்டு சரீன்னு சொல்லிப்போட்டாங்கன்னா ரூம் உங்களுது. இல்லீன்னா ஜூன்ல கம்ப்யூட்டர் வந்து எறங்கிருமுங்க."

அறை போனால் கருவி போயிற்று. அதை அவிழ்த்து இன்னொரு இடத்தில் தொங்கவிடுவதற்கு இன்னொரு மூன்று வருடமும் இன்னொரு உதவித்தொகையும் வேண்டும்.

அந்த வாரமே இன்னொரு இடி. சீனியம்மாள் வாசலில் நின்று சொன்னார்: "டீச்சரம்மா, ஒங்க பொழப்புல மண்ணு விழுந்துருச்சு. ஷெட்டுக்கு செனரேட்டரு வந்திருக்கு. லாரியிலருந்து எறக்குறாக. யானை கணக்கா இருக்கு."

இனி கரண்ட் போனாலும் மெஷின் நிற்காது. யானையும் சேர்ந்து உறுமும். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கல்லூரிக்குப் பூட்டு. சீசனில் ஷெட் அன்றும் ஓடும். மிச்சமிருந்த அமைதி ஒன்றே ஒன்றுதான். தினமும் காலை பதினோரு மணிக்கு அந்த ஷெட்டில் மெஷின்களையெல்லாம் நிறுத்தி, பஞ்சை ஊதிவிட்டு, டீ குடிப்பார்கள். இருபது நிமிடம். முக்கால் மணி நேர வேலையை அந்த டீக்குள் முடித்தாகவேண்டும்.

வேகத்தைக் கூட்டினால் என்ன? கூட்டிப் பார்த்தார். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஊசி நின்று திரும்பவேண்டும். வேகமாகத் திரும்பினால் ஊசியைத் தாங்கும் தகடு உதறும். உதறல் அடங்கும்வரை படம் கெடும். போதாததற்கு, திரும்பி வருகிற பாதையில் எதுவும் பதிவதில்லை. பாதி நேரம் வெறும் நடை.

ஒரு வெள்ளிக்கிழமை வீட்டில் அத்தாவின் ஷெட்டைக் கடந்து போகும்போது காலர் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததாம். அதன் வண்டி இந்த முனைக்கும் அந்த முனைக்கும் முட்டி முட்டித் திரும்புகிறது. பக்கத்திலேயே வட்ட மெஷின். அது திரும்புவதே இல்லை. சுற்றிக்கொண்டே போகிறது; துணி குழாயாக இறங்கிக்கொண்டே இருக்கிறது. பிறந்ததிலிருந்து பார்த்த காட்சி. அன்றைக்கு அவருக்குக் கால் நகரவில்லை.

நடுவில் தொடங்கிச் சுருள் சுருளாக வெளியே விரிந்துகொண்டே போனால்? நிற்கவேண்டாம், திரும்பவேண்டாம், வெறும் நடை இல்லை. திங்கட்கிழமை அவர் ப்ரோக்ராமை மாற்றி எழுத உட்கார்ந்துவிட்டார்.

முதல் சோதனையில் நடுப்பகுதி கண்ணாடிபோல் தெளிவாக வந்தது. விரிய விரியக் கலங்கியது. ஓரத்துக்குப் போனதும் திரை வெள்ளையாகிவிட்டது; ஊசி பரப்பில் மோதி மழுங்கிப்போயிருந்தது. புதிதாகக் கம்பி வெட்டினார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

ஷெட்டில் யாரோ டீ நேரத்தில் மெஷினை ஓட்டுகிறார்கள் என்று அவர் முடிவுகட்டினார். சீனியம்மாள் கணவரைச் சுவரருகே கூப்பிட்டுவிட்டார். சோணைமுத்து டீக் கிளாஸோடு வந்து நின்றார்.

"டீச்சரு, டீ கையில இருக்கயில ஒரு மிசினு சுத்துனாலும் அது எங்க சங்கத்துக்கே அவமானம். எங்க மொதலாளி வேணா ஆசைப்படுவாரு. நாங்க விடமாட்டோம்."

"ஆமா, நிப்பாட்டுற வேலையின்னா மட்டும் இவுகளுக்கு ரொம்ப ஒழுங்கு" என்றார் சீனியம்மாள்.

"ஏய், காத்தாடிகூட ஓடலடி. வேணா வந்து பாரு."

அஜீஸுன்னிசா அறைக்குத் திரும்பி, மூன்று நாள் படங்களையும் தரையில் வரிசையாகப் பரப்பினார். குத்தவைத்து நெடுநேரம் பார்த்தார். மூன்றிலும் நடு தெளிவு. மூன்றிலும் ஓரம் கலக்கம். வெளியிலிருந்து வரும் அதிர்வுக்கு நடு எது, ஓரம் எது என்று தெரியுமா? அது வந்தால் எங்கும்தானே வரும்? ஓரத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் கெடுப்பது ஷெட் இல்லை. அவரேதான்.

திடீரென்று அவர் சிரிக்கிற சத்தம் கேட்டு நான் எட்டிப் பார்த்தேன்.

"வெளிய யாரும் கெடுக்கல. நான் எங்க அத்தா ஷெட்டுல நின்னுட்டே கணக்குப் போட்டிருக்கேன்" என்றார்.

அவர் விளக்கியபோது எனக்கும் சிரிப்பு வந்தது. திருப்பூரில் ஒரு மெஷினின் வேகம் என்றால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதுதான். துணிக்குழாயில் எல்லாச் சுற்றும் ஒரே அளவு; எனவே சுற்று சீராக இருந்தால் வேகமும் சீர். அந்தப் பழக்கத்தில் ஊசியையும் சீராகச் சுற்றவிட்டிருந்தார். ஆனால் விரிகிற சுருளில் ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிடப் பெரியது. அதே நேரத்தில் பெரிய சுற்றைச் சுற்றவேண்டுமானால் ஊசி ஓடவேண்டும். ஓரத்தில் அது தலைதெறிக்க ஓடி, மேடு வருவது தெரியாமல் முட்டிக்கொண்டிருந்தது. வேறு ஊரில் வளர்ந்தவர் இந்தத் தவறைச் செய்திருப்பாரா, தெரியவில்லை.

சுற்று பெரிதாகப் பெரிதாகச் சுழற்சியை மெதுவாக்கி, ஊசியின் நடையை எங்கும் ஒரே சீராக வைத்தார். ஓரம் தெளிந்தது. ஆனால் நேரம் நீண்டது. முக்கால்வாசி முடிந்தபோதே டீ முடிந்துவிட்டது. இனி ஒரு வழிதான்: துணியில் கண்ணியைக் கொஞ்சம் இளக்குவதுபோல, சுருளுக்கும் சுருளுக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டுவது. எவ்வளவு கூட்டினால் விவரம் தப்பாது என்று கணக்கிட்டு, கூட்டினார். ஆனால் அதை ஓட்டிப் பார்க்க நாள் மிச்சமில்லை. மறுநாள் கமிட்டி.

கமிட்டியில் இருவர்: சென்னையிலிருந்து நரைத்த தலையுடன் ஒரு பேராசிரியர், அவரோடு இளைஞர் ஒருவர். பத்தரைக்கு வந்துவிட்டார்கள். திருமூர்த்தி விருந்தாளிகளை வெறும் வயிற்றோடு விடுகிறவர் இல்லை. இளநீர், இட்லி, அதற்கு மேல் வடை. "இன்னும் ஒண்ணு வெச்சுக்குங்க, மொதல்ல வயிறு, அப்பறம்தானுங்க விஞ்ஞானம்" என்று உபசரித்துக்கொண்டே இருந்தார். அஜீஸுன்னிசா வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும், பேச வாயெடுத்து அடங்குவதுமாக இருந்தார். பொறுக்கமுடியாமல் சீனியம்மாள் உள்ளே போய்விட்டார்.

"பெரியவுகளே, வடை ஆறிப்போனா நான் சூடு பண்ணித் தாறேன். பதினோரு மணி ஆறிப்போனா எங்க போயிச் சூடு பண்ண?"

பேராசிரியர் பாதி வடையை இலையில் வைத்துவிட்டு எழுந்தார்.

அவர்கள் அறைக்குள் நுழையவும் சுவருக்கு அப்பால் மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கவும் சரியாக இருந்தது. அந்த ஓசை நின்ற பிறகுதான் அது அதுவரை இருந்ததே தெரியும். எங்கோ ஒரு காகம் கத்தியது. அஜீஸுன்னிசா பொத்தானை அழுத்தினார்.

திரையின் நடுவில் ஒரு புள்ளி. அது மெல்ல வட்டமாயிற்று. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அங்கே எல்லோருமே அப்படித்தான் நின்றார்கள். வட்டம் விரிந்தது. முதலில் தட்டையான ஒரு வெளி. பிறகு அதன் குறுக்கே ஒரு விளிம்பு. அதற்கப்பால் இன்னொரு வெளி, சற்றுத் தாழ்ந்து. பிறகு இன்னொரு விளிம்பு. படிக்கட்டு. ஒவ்வொரு படியும் ஒரே ஓர் அணு அடுக்கின் உயரம். முந்தைய நாள்களின் படங்களில் கோணலாய்க் குழைந்து கிடந்த விளிம்புகள் இப்போது கத்தியால் கீறியதுபோல் நேராக ஓடின. ஓரிடத்தில் ஒரு படி வளைந்து, தயங்கி, மறுபடி நேரானது. அதைப் பார்த்தபோது எனக்கு ஏனோ கண் நிறைந்தது. யாரும் பார்ப்பதற்காகச் செய்யாத ஒன்று இவ்வளவு கவனமாகச் செய்யப்பட்டிருந்தது. ஒரு பென்சில் கோட்டைவிடச் சின்ன இடத்தில் இப்படி எத்தனை தேசங்கள் இருக்கும்!

இளைஞர் ஏதோ கேட்க வந்தார். பேராசிரியர் கையமர்த்தினார்.

வட்டம் திரையின் விளிம்பை நெருங்கியது. சுவருக்கு அப்பால் கிளாஸ்களைக் கழுவும் சத்தம். அஜீஸுன்னிசாவின் விரல்கள் மேஜை ஓரத்தை இறுகப் பிடித்திருந்தன. இன்னும் சில சுற்றுகள். ஒரு மெஷின் முனகியது, அடுத்தது, பிறகு எல்லாம். திரையில் வெளிச் சுற்றுகள் கிடுகிடுவென நடுங்கி அலையாயின.

பேராசிரியர் அந்த நடுக்கத்தின்மேல் விரலை வைத்தார். "இது என்னம்மா?"

"டீ முடிஞ்சிருச்சுங்க சார்."

அவருக்குப் புரியவில்லை. அஜீஸுன்னிசா சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார்: டீயை, ஜெனரேட்டரை, எலாஸ்டிக்கை, தன் தவறையும்கூட. பேராசிரியர் அளவுகோலைத் திரையில் வைத்து அளந்தார். குனிந்து இன்னொரு முறை அளந்தார். நடுக்கம் தொடங்குவதற்கு மயிரிழை முன்னாலேயே ஒரு மைக்ரான் முடிந்திருந்தது.

"இதுக்குள்ள மேல் அடுக்குல மட்டும் எத்தனை அணு இருக்கும்?" என்று இளைஞர் கேட்டார்.

"ஏறக்குறைய மூணு கோடிங்க."

கதவருகில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். திருமூர்த்தி நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. செருப்பை வெளியே கழற்றி வைத்திருந்தார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. அந்த அறையில் அப்படி ஒரு வழக்கமும் இல்லை.

"உள்ள வரலாமுங்களா?" என்று கேட்டார், தான் செயலாளராக இருக்கும் கல்லூரியில்.

வந்து திரைக்கு எதிரே நின்றார். கைகளைக் கட்டிக்கொண்டார். பிறகு படிகளில் ஒன்றைக் காட்டி, தொடாமல், "இதுக்குக் கீழயும் இருக்குதுங்களா?" என்றார்.

"இருக்குங்க சார். உரிக்க உரிக்க வரும்."

"அங்கயும் இதே மாதிரி ஒழுங்காவா?"

"இதே மாதிரிதாங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

பேராசிரியர் புறப்படும்போது காருக்கு அருகில் நின்றார். "முடிவை எழுதி அனுப்புறதுதான் எங்க வழக்கம். அதுவரைக்கும் இந்தம்மா தூங்காம இருக்கணுமா? இப்பவே சொல்லிடறேன். வேலை தொடரட்டும்." அஜீஸுன்னிசா நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் சீனியம்மாள் இருவர் சார்பிலும் பெரிதாக ஒரு கும்பிடு போட்டார்.

மறுநாள் காலை கம்ப்யூட்டர் மேஜைகளுக்கு அளவெடுக்கத் தச்சர் வந்தார். திருமூர்த்தி அவரை அந்த அறை வாசலில் நிற்கவிடாமல், நேரே மாடி வகுப்பறை ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் கீழே வராந்தாவில் நின்றிருந்தேன். தச்சர் பைக்குள் உளியும் சுத்தியலும் மோத, திடுதிடுவெனப் படியேறினார்.

"மெல்ல நடங்க" என்று திருமூர்த்தி அடங்கிய குரலில் சொல்வது கேட்டது. "கீழ வேலை நடக்குதுங்க."